டிரம்ஸ் வாசித்தால் முதுகு பிடித்துக்கொள்கிறதா?

கேள்வி: எனக்கு 29 வயது. மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். திருவிழா சீசனில் வாரத்துக்கு நான்கு கச்சேரிகூட வரும். ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பன்னிரண்டு ஆகிவிடும். ஆறு மாதமாகக் கீழ் முதுகு பிடித்துக்கொள்கிறது; மறுநாள் குனிந்து ஷூ மாட்ட முடியவில்லை. செட்டை அந்தந்த ஊரில் வாடகைக்கு எடுப்பதால் நல்ல ஸ்டூல் கிடைக்காது, பெரும்பாலும் பிளாஸ்டிக் நாற்காலிதான். முதுகைத் தாங்கும் பெல்ட் போட்டுக்கொண்டு வாசிக்கலாமா? இல்லை, வாசிப்பதையே விட்டுவிட வேண்டுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: விட வேண்டாம் தம்பி. வலிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆளை நீங்களே எழுதிவிட்டீர்கள்: அந்த பிளாஸ்டிக் நாற்காலி.

அதன் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். சாய்ந்து உட்கார்ந்து கச்சேரி கேட்க அது சரி. வாசிக்க உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சரிந்து கீழ் முதுகு கூன்போட்டுவிடும். அதோடு டிரம்ஸ்காரருக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. மேசை முன்னால் உட்காருபவர் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். உங்களுக்கோ ஒரு கால் பேஸ் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பெடலில், மறு கால் ஹை-ஹாட் (மிதித்தால் மூடிக்கொள்ளும் ஜோடித் தட்டு) பெடலில். குதிகாலைத் தூக்கி வாசிக்கும்போது தொடையை மேலே இழுக்கும் முக்கியமான தசை சோவாஸ். அது ஆரம்பிப்பதே கீழ் முதுகெலும்பில்தான். பெடலை அடிக்க அடிக்க முதுகும் சேர்ந்து இழுபடுகிறது. இருக்கை தாழ்ந்து, முட்டி இடுப்புக்கு மேலே நின்றால் இன்னும் மோசம்.

அதனால் செட் வாடகையாக இருக்கட்டும், ஸ்டூல் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற, ஆடாத ஸ்டூலாகப் பாருங்கள். வட்ட இருக்கையா, சேணம் போன்ற இருக்கையா என்பது உங்கள் வசதி. உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், தொடை முன்பக்கம் லேசாகச் சரிய வேண்டும். நுனியில் தொற்றிக்கொள்ளாதீர்கள், உட்காரும் எலும்பு இரண்டும் மெத்தையில் நன்றாகப் பதியட்டும். சரியான உயரம் கிடைத்ததும் கம்பியில் ஒரு டேப் ஒட்டிவிட்டால் ஊருக்கு ஊர் அளவு பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம் செட்டை அடுக்கும் வரிசை. பலரும் டிரம்மை எல்லாம் வைத்துவிட்டு, கிடைத்த இடுக்கில் ஸ்டூலைச் செருகுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். வெறும் ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள், கால் இயல்பாக எங்கே விழுகிறதோ அங்கே பெடலைக் கொண்டுவாருங்கள். அடுத்து ஸ்நேர் (முட்டிகளுக்கு நடுவில் நிற்கும் சின்ன டிரம்), அதற்குப் பிறகுதான் டாம் என்கிற மற்ற டிரம்களும் சிம்பல் என்கிற உலோகத் தட்டுகளும். தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமையும் ரைடு என்கிற பெரிய சிம்பலையும் எட்ட இடுப்பைத் திருக வேண்டியிருந்தால் அவை தூரத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். தோளை முன்னால் தள்ளாமல் முழங்கை மட்டும் நகர்ந்து எட்ட வேண்டும். செட் உங்கள் உடம்புக்கு வரட்டும், உங்கள் உடம்பு செட்டுக்குப் போக வேண்டாம். பக்கவாட்டிலிருந்து ஒரு பாட்டு முழுக்க நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எங்கே கூன் விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். கழுத்தையும் அதில் பாருங்கள். உலகப் புகழ்பெற்ற டிரம்மர் பில் காலின்ஸ், கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழையபடி வாசிக்க முடியவில்லை என்று 2009இல் அறிவித்தார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டே வாசிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருவது நல்ல ஸ்டூலிலும் தப்புதான். தொகுப்பாளர் பேசும்போதும் பொன்னாடை போர்த்தும்போதும் எழுந்து நில்லுங்கள், கையை இடுப்பில் வைத்து மெல்லப் பின்னால் வளையுங்கள். வேகமான பாட்டில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கச்சேரி முடிந்த உடனே சாமான் பையைத் தூக்காதீர்கள். நெடுநேரம் உட்கார்ந்த முதுகுக்குச் சட்டென்று குனிந்து பாரம் தூக்குவது ஆகாது. ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரே பெரிய பையை இரண்டு சின்னப் பையாகப் பிரித்துத் தூக்குங்கள்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி இடுப்பை மெல்ல முன்னால் தள்ளினால் அந்த சோவாஸ் தசை நீளும். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். பின்புறத் தசைக்குப் பலம் வரும். வலி கூடினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

பெல்ட்டை வலி அதிகமான சில நாள் போடலாம், தப்பில்லை. ஆனால் பெல்ட்டை நம்பி அதே நாற்காலியில் உட்காராதீர்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வலி முட்டிக்குக் கீழே இறங்கி மரத்துப்போனாலோ, பெடலை விட்டு முன்பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ உடனே எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்வு குறைந்தாலோ அன்று கச்சேரியே இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.