பெட்ராவா, வாதி ரம் பாலைவனமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மகன் ஜோர்தான் தலைநகர் அம்மானில், ஏற்றுமதி ஆடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் கணக்காளராக இருக்கிறார். சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் நானும் கணவரும் அவரிடம் போய் இரண்டு கிழமைகள் தங்கவிருக்கிறோம். அவருக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஒரு வார இறுதியை மாத்திரமே தூரப் பயணத்துக்கு ஒதுக்க முடியும் என்கிறார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான என் கணவருக்குப் பெட்ரா என்ற பழைய நகரைப் பார்க்க வேண்டும். அனுராதபுரம், பொலன்னறுவை என்று பழைய நகரங்களைக் காலம் முழுவதும் பார்த்தாயிற்றே, நம் நாட்டில் இல்லாத பாலைவனத்தை, வாதி ரம்மை, பார்ப்போம் என்பது என் விருப்பம். அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. எதைத் தெரிவு செய்வது?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் பெட்ராவுக்கே செல்லுங்கள். கணவரின் பக்கம் சாய்ந்து இதைச் சொல்லவில்லை. உங்கள் விருப்பத்திலும் பெரும்பங்கு அங்கேயே நிறைவேறும் என்பதால் சொல்கிறேன். அனுராதபுரத்தைப் போலச் சமவெளியில் செங்கல் அடுக்கிக் கட்டிய நகரம் என்று அதனை எண்ணிவிட வேண்டாம். பாலைநிலத்து மலைகளுக்கு நடுவே, அந்த மலைகளையே செதுக்கியும் குடைந்தும் எடுத்த நகரம் அது. ஆதலால் கல்லறை முகப்பொன்றை நீங்கள் அண்ணாந்து பார்த்து நிற்கும்போதும் உங்களைச் சுற்றி வறண்ட பள்ளத்தாக்கும் சிவந்த பாறையும்தான் இருக்கும். பொலன்னறுவைக் கல்விகாரையில் ஒரே பாறையிலிருந்து நான்கு உருவங்களை எடுத்த சிற்பிகளின் வேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெட்ராவில் அதே வேலை மணற்கல்லில், ஏறத்தாழ 40 மீற்றர் உயரமுள்ள முகப்பு வரைக்கும் வளர்ந்து நிற்கிறது.

அந்த முகப்புக்கு அல் கஸ்னே, அதாவது கருவூலம், என்று பெயர் வழங்கினாலும், கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்ட, பெட்ராவை எழுப்பிய பழைய அரபு மக்களான நபாத்தியரின் மன்னன் நான்காம் அரேத்தாஸின் கல்லறையாக அது இருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. உள்ளே புதையல் இருக்கிறதென்று நம்பிய நாடோடிகள் உச்சியிலுள்ள கல் கலசத்தைத் துப்பாக்கியால் சுட்ட தடங்கள் இன்றும் தெரிகின்றன. அந்தக் கலசம் முழுக்கல், உள்ளே ஒன்றுமில்லை. கணவரிடம் சொல்லி, முகப்பின் இரு ஓரங்களிலும் ஏணிப்படி போல் மேலேறும் குழிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். வேலையாட்கள் காலூன்றுவதற்கோ சாரத்தைப் பொருத்துவதற்கோ வெட்டியவை என்று அவற்றைக் கருதுகிறார்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கி இறங்குவதுதான் நபாத்தியரின் முறை. உள்ளறையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: வெறுமையான கல் அறைதான், அதற்குள் போகவும் அனுமதியில்லை.

ஆனால் பெட்ராவின் உண்மையான அதிசயம் முகப்புகள் என்று நான் நினைக்கவில்லை, தண்ணீர்தான். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 150 மில்லிமீற்றர் அளவுதான், கொழும்பில் ஒரு நல்ல ஒக்டோபர் மாதத்திலேயே அதற்கு மேல் பெய்துவிடும். அந்த மழையையும் தொலைவிலுள்ள ஊற்றுகளையும் நம்பி ஒரு தலைநகரையே நபாத்தியர்கள் நடத்தினார்கள். கருவூலத்துக்குச் செல்லும் சிக் எனப்படும் ஒடுங்கிய மலைப்பிளவு 1.2 கிலோமீற்றர் நீளமானது. பலர் கருவூலத்தைக் காணும் அவசரத்தில் அதனை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நீங்கள் சுவரோரமாக மெதுவாக நடந்தால், பாறையில் வெட்டிய வாய்க்கால் ஒன்று கூடவே வருவதையும், எதிர்ச் சுவரில் சுடுமண் குழாய்கள் பதித்த தடத்தையும் காண்பீர்கள். வழியின் பாதிக்கு மேல் போனதும் இடப்பக்கச் சுவரில் ஒட்டகச் சாத்து (வணிகக் கூட்டம்) ஒன்றின் சிற்பம் வரும்; மேற்பகுதி வெள்ளத்திலும் காற்றிலும் கரைந்துபோய், ஒட்டகங்களின் கால்களும் அவற்றை நடத்திச் செல்பவரின் பாதங்களும் அங்கியின் கீழ் விளிம்பும் எஞ்சியிருக்கின்றன. குளங்களையும் சிகிரியாவின் நீரூற்றுகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வாய்க்கால்கள் மற்றப் பயணிகளுக்குச் சொல்வதை விடக் கூடுதலாகவே சொல்லும்.

தென் அரேபியாவின் சாம்பிராணியையும் வெள்ளைப்போளத்தையும் ஒட்டகங்களில் ஏற்றி மத்தியதரைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்த்ததில் வந்த செல்வம் இந்த நகரத்தை எழுப்பியது. அந்தச் செல்வம் சரிந்ததில் நம் பக்கத்துக் கடலுக்கும் ஒரு பங்குண்டு. பருவக்காற்றைப் பிடித்து எகிப்தியத் துறைமுகங்களுக்கும் கேரளக் கரையிலிருந்த முசிறிக்கும் இடையே கப்பல்கள் நேராக ஓடத் தொடங்கியபின் பாலைவனச் சாத்துகளின் மதிப்புக் குறைந்தது. கி.பி. 106 இல் ரோமப் பேரரசு நபாத்திய அரசைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. 363 இல் வந்த நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியைக் குலைத்தது. 1812 இல் சுவிற்சர்லாந்துப் பயணி புர்க்கார்ட் வந்து பார்த்து எழுதிய பிறகே ஐரோப்பியர் அதனை அறிந்தனர். அங்கேயே வாழ்ந்துவந்த பெதுவின் மக்களுக்கு அது ஒருநாளும் தொலைந்திருக்கவில்லை.

முழங்கால் விடயத்துக்கு வருகிறேன். வரவேற்பு நிலையத்திலிருந்து கருவூலம் வரை சுமார் 2 கிலோமீற்றர். அங்கிருந்து அரங்கு, அரச கல்லறைகள், தூண்கள் வரிசையான வீதி ஆகியவற்றைக் கடந்து நகரின் கீழ்க்கோடிக்கு மேலும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். கருவூலம் வரை மின்சார வண்டிகள் ஓடுகின்றன, அதற்குத் தனிக்கட்டணம். கணவர் போகும்போது சிக் வழியே நடக்கட்டும், திரும்பும்போது வண்டியில் ஏறட்டும். மடாலயம் எனப்படும் அத் தேர் முகப்புக்கு 800க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அதை அவர் விட்டுவிடுவதே நல்லது. கழுதையில் ஏற்றிச் செல்வதாக வழிநெடுகக் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். வழுக்கும் படியில் பாரம் சுமக்கும் அந்தப் பிராணியின் பாடும் பாவம், மேலே இருப்பவருக்கும் ஆபத்து. வாசலுக்கு அருகே குதிரைச் சவாரி நுழைவுச்சீட்டில் அடங்கியது என்பார்கள். இறங்கும்போது அன்பளிப்புக் கேட்பார்கள். ஆறேழு கிலோமீற்றர் தொலைவிலுள்ள சின்னப் பெட்ராவைச் சனிக்கிழமை காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது சிறிய இடம், கட்டணமில்லை, நடையும் குறைவு.

அம்மானிலிருந்து பெட்ரா சுமார் 235 கிலோமீற்றர், மூன்று மணிநேரப் பயணம். வியாழக்கிழமை மகன் வேலை முடிந்து வந்ததும் புறப்பட்டு, பெட்ராவின் வாசலிலுள்ள வாதி மூஸா ஊரில் இரண்டு இரவுகள் தங்கினால் வெள்ளியன்று காலை 6 மணிக்கே உள்ளே போகலாம். ஜோர்தானில் தங்கிச் செல்லும் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் சீட்டு 50 டினார், இரண்டு நாள் சீட்டு 55 டினார். ஒரு டினார் ஏறத்தாழ 1.41 அமெரிக்க டொலர் என்பதால் தொகை பெரிதுதான், ஆனால் மேலும் ஐந்து டினாருக்கு இன்னொரு நாள் கிடைப்பதை விடாதீர்கள். வதிவிட அனுமதி உள்ள மகனுக்கு மிகக் குறைந்த கட்டணமே. அனுமதி அட்டையை அவர் மறக்காமல் எடுத்து வரட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு யோசனை. வார இறுதி ஒன்றுதான் என்பது மகனின் கட்டுப்பாடு. உங்களுக்கு இரண்டு கிழமைகள் இருக்கின்றன. அம்மானிலிருந்து ஜெட் நிறுவனத்தின் பஸ் தினமும் அதிகாலையில் பெட்ராவுக்குப் புறப்படுகிறது. அங்கே ஊர் இருக்கிறது, எல்லா வகைத் தங்குவிடுதிகளும் இருக்கின்றன, ஆங்கிலமும் செல்லும். ஆகவே கிழமை நாட்களில் நீங்கள் இருவருமே பெட்ராவுக்குப் போய் ஓரிரவோ ஈரிரவோ தங்கித் திரும்பலாம். சொந்த வாகனமும் அரபு பேசத் தெரிந்தவரும் கூட இருந்தால் இலகுவாவது வாதி ரம் பயணந்தான். மகனுடன் செல்லும் வார இறுதியை அதற்கு வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டு வழக்கு தீர்ப்பில்லாமலே முடிந்துவிடும்.

கேள்வி: துபாயில் வேலை செய்யும் நண்பர்கள் மூவர் ஓகஸ்ட் விடுமுறையில் வாதி ரம் போகத் திட்டமிடுகிறோம். பழைய கட்டடங்களில் எங்களுக்கு நாட்டமில்லை. மூன்று இரவுகள் பாலைவனத்தில் தங்கலாமா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஓகஸ்டில் வேண்டாம். பகல் வெப்பம் 40 பாகை வரை ஏறக்கூடும். நண்பகல் முழுவதும் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடப்பதற்குத் துபாயிலிருந்து போகத் தேவையில்லை. மார்ச் முதல் மே வரையும், செப்டெம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரையும் நல்ல காலம். குளிர்கால இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு அருகே இறங்கும், தடித்த உடுப்பு இல்லாமல் போகாதீர்கள்.

மூன்று இரவுகள் மலையேறுபவர்களுக்கே பொருந்தும். 1,854 மீற்றர் உயரத்தோடு ஜோர்தானிலேயே மிக உயர்ந்த சிகரமான உம் அத் தாமி, சவூதி எல்லையருகே இதே பாலைவனத்தில்தான் இருக்கிறது. ஏறும் எண்ணமில்லை என்றால் ஒரு முழுநாள் ஜீப் சுற்றும் ஓரிரவும் போதும். மாலையில் மணலுக்கடியில் தணல் போட்டுப் புதைத்துச் சமைக்கும் ஸர்ப் என்ற இறைச்சிச் சாப்பாட்டைத் தோண்டியெடுத்துப் பரிமாறுவார்கள். விளக்குகளை அணைத்தபின் பார்க்கும் வானத்துக்காகவே அந்த ஓரிரவு அவசியம். முகாமை முன்பதிவு செய்கையில் அது பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். வாதி ரம் என்ற பெயரில் விற்கப்படும் முகாம்கள் பல வெளியே தீசா பக்கத்தில் இருக்கின்றன.

பழைமையில் நாட்டமில்லை என்கிறீர்கள். இருந்தாலும் கஸ்ஸாலி மலையிடுக்கில் ஜீப் நிற்கும்போது இறங்கிப் பாருங்கள்: மனித உருவங்கள், பாதங்கள், எழுத்துகள் என்று பாறையில் கீறி வைத்திருக்கிறார்கள். இந்தப் பாலைவனத்தில் 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் பதிவாகியிருக்கின்றன. 2011 இல் யுனெஸ்கோ இதனை இயற்கைக்கும் பண்பாட்டுக்குமான கலப்பு மரபுரிமைத் தலமாக அறிவித்ததற்கு அவையும் காரணம்.

மழைக்காலத்தில் செல்பவர்களுக்கு ஒரு சொல். வானம் கறுத்தால் ஒடுங்கிய மலையிடுக்குகளை விட்டு உடனே வெளியேற வேண்டும். தொலைவில் பெய்த மழைகூடச் சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். பெட்ராவின் சிக்கில் 1963 ஏப்ரலில் அப்படி வந்த வெள்ளத்தில் இருபதுக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் வெள்ளத்தைத் திசைதிருப்ப நபாத்தியர் அமைத்திருந்த பழைய அணையின் இடத்திலேயே புதிய அணை எழுந்தது.

கேள்வி: குடும்பத்துடன் உம்றா செல்கிறோம். ஜோர்தான் வரை போக வசதியில்லை. பெட்ராவைப் போன்ற இடம் சவூதியிலும் உண்டு என்கிறார்களே?
– ஒரு வாசகர், தெமட்டகொட

பதில்: உண்டு. மதீனாவிலிருந்து வடக்கே 300 கிலோமீற்றருக்கு மேல் சென்றால் வரும் அல் உலாவுக்கு அருகிலுள்ள அல் ஹிஜ்ர், நபாத்தியரின் இரண்டாவது பெரிய நகரமாக இருந்தது. 2008 இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற, சவூதியின் முதல் மரபுரிமைத் தலம் அது. அங்கே 111 பெருங்கல்லறைகள் உள்ளன, அவற்றுள் 94 அலங்கார முகப்புடையவை. தனித்து நிற்கும் கஸ்ர் அல் ஃபரீத் என்ற கல்லறையின் மேற்பாதி மெருகேறியும் அடிப்பாகம் கொத்திய தழும்புகளோடு கரடாகவும் நிற்பதால், நபாத்தியர் மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்று மேலே சொன்னதற்கு அது தெளிவான சான்று. சுற்றிலும் மணலும் காற்று அரித்த பாறைகளுமாக இருப்பதால் பாலைவனமும் அதே பயணத்தில் கிடைக்கும்.

தபூக் செல்லும் வழியில் அல் ஹிஜ்ரைக் கடந்த நபி (ஸல்) அவர்கள், அங்கு வாழ்ந்து தண்டிக்கப்பட்டவர்களின் வசிப்பிடங்களுக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழைய வேண்டாம் எனத் தோழர்களிடம் கூறியதாக ஹதீஸ் உண்டு. அதனைக் கருதி அங்கே செல்வதைத் தவிர்ப்போர் பலர். உங்கள் வீட்டு மூத்தவர்களையும் நீங்கள் மதிக்கும் ஆலிமையும் கேட்டு முடிவெடுங்கள். செல்வதாக இருந்தால் முன்பதிவு செய்த வழிகாட்டிச் சுற்றிலேயே உள்ளே விடுவார்கள் என்பதால், மதீனாவுக்குப் போய்ச் சேரும் முன்பே திகதியைப் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பெட்ரா, வாதி ரம் இரண்டில் எங்கே சமாளிக்கலாம்?
– ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இரண்டிலும் சமாளிக்கலாம், பெட்ராவில் கூடுதல் இலகு. வாதி மூஸாவின் கடைகளில் கடலை மசியலான ஹும்முஸ், பொரித்த ஃபலாஃபெல், அவித்த ஃபூல் பயறு, சுட்ட கத்தரிக்காய், ரொட்டி எல்லாம் கிடைக்கும். நாட்டின் விசேட உணவான மன்சாஃப் ஆட்டிறைச்சி; சோறு மாத்திரம் போடச் சொன்னாலும் அதன்மேல் இறைச்சிச் சாறு கலந்த தயிர்க்குழம்பை ஊற்றிவிடுவார்கள், கவனம். பாலைவன முகாமில் அடுப்பு ஒன்றுதான். ஸர்ப் தட்டில் காய்கறியும் இறைச்சியும் ஒன்றாகவே குழிக்குள் இறங்கும். உங்களுடைய காய்கறியை வேறு பாத்திரத்தில் வைக்க வேண்டும் என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லுங்கள். குழியை மூடியபின் சொல்லிப் பயனில்லை.