ஜோகூர் பாருவுக்குக் குடிபோனால் மாதம் 2,260 வெள்ளி மிச்சமா?

கேள்வி: நானும் மனைவியும் சிங்கப்பூரர்கள். உட்லண்ட்சில் இருவர் பெயரிலும் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வாங்கி ஏழு வருடம். எனக்கு மென்பொருள் வேலை, மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவி வேலைக்குப் போகவில்லை. அலுவலகம் வாரம் இரண்டு நாள்தான், மற்ற மூன்று நாளும் வீட்டிலிருந்தே வேலை. வீட்டை மாதம் 3,200 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாருவில் மாதம் 3,000 ரிங்கிட்டுக்குக் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) எடுக்கலாமா? இரண்டு ஊரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலும் வரப்போகிறது. அங்கேயே வீடு வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறோம்.

பதில்: ஒரு வெள்ளிக்கு 3.2 ரிங்கிட் என்று வைத்தால் அங்கே வாடகை சுமார் 940 வெள்ளி. 3,200-இல் அதைக் கழித்து 2,260 மிச்சம் என்று எழுதி வைத்திருப்பீர்கள். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் மடிக்கணினியை எந்த ஊரில் வைத்து வேலை பார்க்கிறீர்கள் என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. பெரிய செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சம்பளம் சிங்கப்பூர் நிறுவனத்திலிருந்து சிங்கப்பூர் வங்கிக்குத்தானே வருகிறது, மலேசியாவுக்கு என்ன சம்பந்தம் என்று பலரும் கேட்கிறார்கள். மலேசியச் சட்டப்படி, வேலை அந்த மண்ணில் நடந்தால் அதற்கான சம்பளம் அந்த நாட்டு வருமானம். ஒரே வருமானத்துக்கு இரண்டு பக்கமும் வரி விழாமல் தடுக்க இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி ஒப்பந்தம் உண்டு. வருடத்தில் 183 நாளுக்குள் தங்குகிறவர்களுக்கு அது கைகொடுக்கும். நீங்களோ அங்கே குடியிருக்கப் போகிறவர். அலுவலகம் போய்த் திரும்பும் நாளும் கணக்கில் சேரும்.

ஆக, வாரத்தில் மூன்று நாள் வேலைக்கான பங்கு, வருடத்துக்குச் சுமார் 1,38,000 ரிங்கிட், அங்கே வரிக்கு உட்படும். குடியிருப்பாளருக்கான படிநிலை விகிதத்தில், 9,000 ரிங்கிட் தனிநபர் கழிவு போக, வரி ஏறத்தாழ 16,700 ரிங்கிட். நம் பணத்தில் 5,200 வெள்ளி! இப்போது முழுச் சம்பளத்துக்கும் இங்கே நீங்கள் கட்டுவது, மசே நிதி (மத்திய சேம நிதி) கழிவு போக, 1,700 வெள்ளி அளவில்தான் இருக்கும். அதில் ஒரு பகுதி குறையக்கூடும் என்பது சின்ன ஆறுதல்.

அப்புறம் அனுமதி. சிங்கப்பூர்க் கடப்பிதழைக் காட்டி நுழைந்தால் கிடைப்பது 30 நாள் வருகை அனுமதி. அதை வைத்துக்கொண்டு மாதாமாதம் எல்லையைத் தொட்டுவிட்டு வந்து வேலை பார்ப்பவர்களை எனக்கும் தெரியும். ஒருநாள் குடிநுழைவு அதிகாரி கேள்வி கேட்டால் வாடகை ஒப்பந்தம், முன்பணம் எல்லாமே சிக்கலில் மாட்டும். முறையான வழி, வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மலேசியா தரும் டிஇ ரந்தாவ் அனுமதி. தொழில்நுட்பத் துறையினருக்கு வருட வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. கட்டணம் உங்களுக்கு 1,000 ரிங்கிட், மனைவிக்கு 500. பன்னிரண்டு மாதம் வரை தருவார்கள், இன்னும் பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம்.

வீவக வீட்டைப் பொறுத்தவரை ஐந்து வருடக் கட்டாயக் குடியிருப்புக் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள், சிங்கப்பூரர்கள் வேறு. கழகத்திடம் அனுமதி வாங்கி முழு வீட்டையும் விடலாம். ஆனால் நீங்கள் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரிச் சலுகை கிடையாது. வீட்டின் ஆண்டு மதிப்பு (வரிக்காக அரசு மதிப்பிடும் ஓராண்டு வாடகை) 12,000 வெள்ளி என்றால் இதுவரை வரி பூஜ்யம், இனி 12 விழுக்காடு, அதாவது 1,440 வெள்ளி. வாடகை வருமானத்தில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துப் பாதியை மனைவி பெயரில் காட்டினால், அவர் பங்குக்கு வரி வராது. உங்கள் பங்குக்குச் சுமார் 1,140. வீட்டுக் கடன் வட்டி இருந்தால் இன்னும் குறையும்.

எல்லாம் கழித்தால் 2,260 என்பது 1,600 பக்கம் வந்து நிற்கும். போக்குவரத்து, முகவர் கமிஷன், வாடகைதாரர் இல்லாத மாதங்கள் இதில் சேரவில்லை. அப்படியும் நல்ல தொகைதான், போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

வாங்குவதற்கு மட்டும் வேண்டாம் என்பேன். ஜோகூரில் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டின் குறைந்தபட்ச விலை பொதுவாகப் பத்து லட்சம் ரிங்கிட். ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. இரண்டு வருட அனுமதியை நம்பி இதில் இறங்குவானேன்? அங்கே மலிவாகக் கார் வாங்கும் ஆசையும் இருந்தால் விட்டுவிடுங்கள். மலேசியப் பதிவு எண் கொண்ட காரைச் சிங்கப்பூரர் இங்கே ஓட்டக் கூடாது.

ஆர்டிஎஸ் 2026 இறுதி அல்லது 2027 ஜனவரி வாக்கில் ஓடத் தொடங்கும் என்பது திட்டம். ஐந்து நிமிடப் பயணம், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே. ரயில் ஓடும் வரை இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலச் சாலைதான் கதி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உட்லண்ட்சிலிருந்து அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு.

சரி, முதல் வேலை வீடு தேடுவது இல்லை. மலேசியாவிலிருந்து வேலை பார்க்கச் சம்மதம் என்று உங்கள் மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். ஊழியர் ஒருவர் அங்கே நிரந்தரமாக உட்கார்ந்து வேலை செய்தால் நிறுவனத்துக்கே அங்கே வரிப் பொறுப்பு வரலாம் என்று பல முதலாளிகள் தயங்குகிறார்கள். அந்தக் கடிதம் வந்த பிறகு கொண்டோவுக்கு முன்பணம் கொடுங்கள். இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று எடுத்த எடுப்பிலேயே 10,500 ரிங்கிட் போகும்.