எடை 260 கிலோதான், ஆனால் அகலம் 3.2 மீட்டர்

புதுச்சேரி சேதராப்பட்டில் ஃபைபர் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெங்களூருவில் பாகங்களைச் சேர்த்து முழு விமானமாக்கும் நிறுவனம் ஒன்றுக்காக, விமானத்தின் அடிவயிற்றில் பொருத்தும் வளைந்த மூடி ஒன்றைச் செய்து முடித்துவிட்டார். நீளம் 7 மீட்டர், அகலம் 3.2 மீட்டர், வளைவின் ஆழம் 40 சென்டிமீட்டர். எடை 260 கிலோதான். விலை 32 லட்சம் ரூபாய். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது அவர் பொறுப்பு. லாரி புரோக்கர் ஒருவர், "வெயிட்டே இல்லாத சாமான் சார், சாதா லாரியில் போட்டுக் கட்டிவிடலாம், 55,000 கொடுங்கள், வழியில் யாராவது நிறுத்தினால் டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். இன்னொரு டிரான்ஸ்போர்ட் நிறுவனம், அனுமதி வாங்கித்தான் போகவேண்டும் என்று 1,60,000 கேட்கிறது. "யார் சொல்வது சரி? வழியில் உடைந்தால் எனக்குப் பணம் கிடைக்குமா?" என்பது அவர் கேள்வி.

புரோக்கர் சொல்வது தவறு. இரண்டாமவர் சொல்வது, மூடியைப் படுக்கவைத்து ஏற்றினால் சரி. ஆனால் படுக்கவைத்துத்தான் ஏற்றவேண்டுமா என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

முதலில் எடை விஷயம். மோட்டார் வாகன விதிகளில் வண்டியின் அகலத்துக்கு வரம்பு 2.6 மீட்டர். உங்கள் மூடி 3.2. எடை 260 கிலோ என்றாலும் 26 டன் என்றாலும், அகலம் தாண்டியது தாண்டியதுதான். விமானப் பாகம் எல்லாமே இப்படித்தான், கனம் குறைவு, இடம் அதிகம். ஏர்பஸ் நிறுவனம் தன் பாகங்களைத் தொழிற்சாலை விட்டுத் தொழிற்சாலை கொண்டுபோகவே பெலுகா என்று உப்பிய வயிறுள்ள விமானங்களை வைத்திருக்கிறது. 2020-ல் வேலைக்கு வந்த பெலுகா எக்ஸ்.எல்., ஏ350 விமானத்தின் இறக்கைகள் இரண்டை ஒரே நடையில் தூக்கும். பழைய பெலுகாவில் ஒன்றுதான் அடங்கும். எடையைச் சமாளிக்க அல்ல, இடத்துக்காகவே புதிய விமானம் கட்டினார்கள். ஏ380 விமானத்தின் பெரிய பாகங்கள் பழைய பெலுகாவில் அடங்காததால் கப்பலில் வந்து, படகில் மாறி, பிரான்சில் லாங்கோன் என்ற ஊரிலிருந்து துலூஸ் வரை சுமார் 240 கிலோமீட்டர் சாலையில் இரவு நேரத்தில் ஊர்வலமாகப் போயின. வழியில் கிராமத்து வீடுகளின் சுவரை ஒட்டி நகர்ந்த வண்டிகள் அவை. அவர்களுக்கே பாதையை முன்கூட்டி அளந்து, அகலப்படுத்தி, அனுமதி வாங்கவேண்டியிருந்தது.

"டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த பிரிவின்படி, சரக்கு வண்டியின் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ அளவை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். அதைக் கட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் புரோக்கர் கணக்குப் போடுகிறார். ஆனால் அபராதத்தோடு சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில் என்று அதே பிரிவு சொல்கிறது. செங்கம் தாண்டி ஏதோ ஒரு புளியமரத்தடியில் 7 மீட்டர் மூடியை எதை வைத்து இறக்குவீர்கள்? அங்கே கிடைக்கும் ஆட்கள் நான்கு பேர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால், அதோடு அந்த மூடியின் கதை முடிந்தது.

சரி, படுக்கவைக்காமல் சாய்த்து ஏற்றினால்? ஓர் இரும்புச் சட்டம் செய்து, மூடியைச் சுமார் 50 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். அப்போது அது அடைக்கும் அகலம் ஏறத்தாழ 2.36 மீட்டர்தான். உயரம் 2.7 மீட்டர் வரும். சட்டத்தின் தடிமனைச் சேர்த்தாலும் அகலம் 2.6-க்குள் நிற்கும். தரையோடு தாழ்ந்த லோ பெட் ட்ரெய்லரில் ஏற்றினால் மொத்த உயரம் 3.8 மீட்டருக்குள் அடங்கும், மின்கம்பியும் பாலமும் தொல்லை தராது. அளவு மீறாததால் அளவு மீறிய சரக்குக்கான அனுமதியே தேவையில்லை. பெங்களூரு நிறுவனத்தின் பொறியாளரிடம், எந்த இடங்களில் தாங்கலாம், எந்தக் கோணம் ஏற்புடையது என்று வரைபடத்தோடு கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் "ஓகே" சொன்னது போதாது. அவர் ஒப்பாவிட்டால் இந்த வழி மூடியது, 1,60,000 வழிதான்.

அந்த வழி ஏன் அவ்வளவு செலவாகிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றுகிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு இடத்தில் அனுமதி, மாநிலச் சாலைக்கு வேறிடத்தில். நீங்கள் புதுச்சேரியில் இருக்கிறீர்கள், மயிலம் சாலையில் ஏறிச் சிறிது தூரத்திலேயே தமிழ்நாடு வந்துவிடும், ஓசூர் தாண்டினால் கர்நாடகா. விழுப்புரம் சாலையில் போகிறவர் பாடு இன்னும் மோசம். வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி புதுச்சேரி, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. ஒரே சாலை, ஒரே வண்டி, ஒரே சரக்கு. ஆனால் கோப்பு மட்டும் மேஜை மேஜையாக ஏறி இறங்குகிறது. கோயம்புத்தூரில் தேஜஸ் போர் விமானத்துக்கு இறக்கை செய்து பெங்களூருவுக்குக் கொடுக்கிறார்கள். நம் பக்கத்தில் இந்த வேலை வளரப்போகிறது. அதற்கு ஒரே விண்ணப்பம், ஒரே பதில் என்று இன்றுவரை யாரும் செய்து தரவில்லை. இந்த எரிச்சலில்தான் நல்ல பட்டறைக்காரர்கள்கூட புரோக்கர் பக்கம் சாய்கிறார்கள்.

இனி புரோக்கர். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சரக்கு ஏற்றும் தொழில் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். புக்கிங் ஆபீசும் ஏஜென்டும் புரோக்கரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். நான் வெறும் புரோக்கர், வண்டி வேறு ஆளுடையது என்று ஒருவர் சொன்னால், அவரிடம் பதிவுச் சான்று எங்கே என்று கேளுங்கள். பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதை அவர் பெயரில் தருவாரா, வண்டிக்காரர் பெயரில் தருவாரா, அல்லது துண்டுச் சீட்டுதானா என்று பாருங்கள். ரசீதில் "ஃபைபர் சாமான் 1" என்று எழுத விடாதீர்கள். பாகத்தின் பெயர், அளவு, மதிப்பு மூன்றும் இருக்கவேண்டும். "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரையால் அவர்களின் கவனக்குறைவுக்கான பொறுப்பு நீங்கிவிடாது, ஆனாலும் அதைக் காட்டி உங்களைப் பல மாதம் அலைய வைப்பார்கள்.

அடுத்ததை இரண்டு முறை படியுங்கள். பதிவு பெற்ற நல்ல டிரான்ஸ்போர்ட்டே உடைத்தாலும், 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய இழப்பீடு வாடகையின் 10 மடங்குதான், அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாமல். 55,000 ரூபாய் வாடகை என்றால் 5,50,000. உங்கள் மூடி 32 லட்சம். மீதி 26,50,000 உங்கள் கையிலிருந்து போகும். வாடகையை அடித்துப் பேசிக் குறைக்கக் குறைக்க உங்கள் பாதுகாப்பும் குறைகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதற்கு ஒரு விலக்கு சட்டத்திலேயே இருக்கிறது. சரக்கின் ரிஸ்கை டிரான்ஸ்போர்ட் கூடுதலாக ஏற்பதற்கான அதிக ரிஸ்க் கட்டணத்தைத் தருகிறேன் என்று நீங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் அந்த 10 மடங்கு வரம்பு பொருந்தாது. வெளிப்படையாக என்றால் எழுத்தில். சரக்கை ஒப்படைக்கும்போது நீங்கள் கொடுக்கும் ஃபார்வர்டிங் நோட்டில் மதிப்பை முழுதாக 32 லட்சம் என்று எழுதி, அதிக ரிஸ்க் கட்டணம் தருவதாக எழுதி, அந்தக் கட்டணம் எவ்வளவு என்றும் எழுதி, டிரான்ஸ்போர்ட் தரப்பில் கையெழுத்து வாங்கவேண்டும். பேச்சில் ஒப்புக்கொண்டது செல்லாது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் செல்லாது. வாடகையோடு கொஞ்சம் கூடக் கொடுத்தேனே என்பது வேறு, அதிக ரிஸ்க் கட்டணம் என்பது வேறு. மதிப்பைக் குறைத்துப் போடுங்கள், கேள்வி வராது என்று ஒருவர் யோசனை சொல்வார், அதைக் கேட்டால் விலக்கு இருந்தும் பயனில்லை. நான் பார்த்தவரை எந்த புக்கிங் ஆபீசும் இந்த விலக்கைத் தானாகச் சொன்னதில்லை. கேட்டால், எங்களிடம் அப்படி ஒன்று இல்லை என்பார்கள். அப்படிச் சொன்னால் சரக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் பட்டறைக் கேட்டைத் திறக்காதீர்கள்.

சரக்கு இன்சூரன்ஸ் என்றேன், வண்டி இன்சூரன்ஸ் அல்ல. "வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்பது காலங்காலமாக வரும் வார்த்தை. அது லாரிக்கு. உங்கள் சரக்குக்கு நீங்கள்தான் தனியாக எடுக்கவேண்டும். அதிலும் ஏ, பி என்று வகைகள் உண்டு. பி என்பது தீ, கவிழ்தல், மோதல் போலக் குறிப்பிட்ட விபத்துகளுக்கு மட்டும். உங்களுக்கு வேண்டியது, விலக்கியவை தவிர மற்ற எல்லாச் சேதத்தையும் ஏற்கும் ஏ வகை. அப்போதும் சரியாகக் கட்டாமல், பேக் செய்யாமல் அனுப்பியதால் வந்த சேதத்துக்குப் பணம் தரமாட்டார்கள். அதனால்தான் இரும்புச் சட்டத்துக்கும் பொறியாளரின் எழுத்துக்கும் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். சேதம் என்றால் டிரான்ஸ்போர்ட்டுக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டிய கெடு, புக் செய்த நாளிலிருந்து 180 நாள். உடைந்த நாளிலிருந்து அல்ல.

ஃபைபர் பாகத்தில் சேதம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். சில வருடங்களுக்கு முன் கடலூரிலிருந்து ஒரு பெரிய ஃபைபர் பாகத்தை நான் ஏற்பாடு செய்து அனுப்பினேன். ஊத்தங்கரையில் டீ குடிக்க நிறுத்திய டிரைவர், பெல்ட் தளர்ந்திருப்பதைப் பார்த்து, நல்லெண்ணத்தில், பாகத்தின் மேலாகவே ஒரு பெல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது மேலே ஒரு கீறல்கூட இல்லை. அங்கே அல்ட்ராசோனிக் சோதனை செய்தபோது உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தன, முழுப் பாகத்தையும் ஒதுக்கிவிட்டார்கள். வண்டி பிடித்துக் கொடுத்த புரோக்கரின் போன் அன்று மாலையே அணைந்துவிட்டது. ரசீதில் பெயர், மதிப்பு எதுவும் இல்லை. அந்தப் பாகத்தைச் செய்த பட்டறைக்காரர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. விமான வேலையில் சந்தேகத்துக்குரிய பாகத்துக்கு இரண்டாம் வாய்ப்பு அரிது. 2014 ஜூலையில் அமெரிக்காவின் மான்டானாவில் ரயில் தடம் புரண்டு, அதில் போன 6 போயிங் 737 விமான உடல்களில் 3 ஆற்றங்கரையில் சரிந்தன. ஆறையுமே பிறகு உடைத்துப் போட்டார்கள்.

ஆகவே பெல்ட் எதுவும் மூடியைத் தொடக்கூடாது, எல்லாம் இரும்புச் சட்டத்தோடுதான். தார்பாயின் கயிறும் அப்படியே. சட்டத்தில் ஒரு ஷாக் ரெகார்டர் பொருத்துங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு குலுங்கியது என்று அது பதிந்துவைக்கும், பிறகு எங்கே என்ன நடந்தது என்ற வாக்குவாதம் இருக்காது. ஏர் சஸ்பென்ஷன் வண்டி கிடைத்தால் கூடுதல் வாடகை கொடுத்தாவது எடுங்கள். உங்கள் ஆள் ஒருவர் வண்டியோடு போகட்டும்.

அப்புறம் இ-வே பில், அதாவது சரக்கோடு போகவேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. சாய்த்து ஏற்றினால் சாதாரண வகை, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். பெங்களூரு சுமார் 310 கிலோமீட்டர், ஆக 2 நாள். படுக்கவைத்துப் போனால் அளவு மீறிய சரக்கு வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும், அதில் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள், 16 நாள் கிடைக்கும். இதில் சாதாரண வகையைத் தெரியாமல் போட்டுவிட்டு, வண்டி மெதுவாக நகர்ந்து மூன்றாம் நாள் மாட்டியவர்கள் உண்டு. அபராதம் வரியின் 200 சதவீதம். காலாவதிக்கு முன்போ பின்போ 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம், அதைச் செய்ய ஆள் விழித்திருக்கவேண்டும்.

கடைசியாக, ஏற்றும் நாள். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று போவீர்கள். பௌர்ணமியன்றும் அதற்கு முந்தின நாளும் வேண்டாம். கிரிவலக் கூட்டத்துக்காகத் திருவண்ணாமலையில் கனரக வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். திருப்பிவிட்ட சந்துகளில் 7 மீட்டர் மூடியோடு திரும்ப முடியாது. தேதியை டிரான்ஸ்போர்ட் சொல்லட்டும் என்று விடாமல், நாள்காட்டியைப் பார்த்து நீங்களே குறித்துக் கொடுங்கள்.