சவாரியில் இருக்கும் வண்டிக்கே அடுத்த சவாரியை ஏபிஐ வழியாக ஒதுக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு கார் பயணியை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது, அவர் இறங்கும் முன்பே அதே காருக்கு அடுத்த புக்கிங்கைக் கொடுக்க வேண்டும். வண்டிகளையும் சவாரிகளையும் நிர்வகிக்க கூகுள் தரும் ஃப்ளீட் எஞ்சின் ஏபிஐயைப் பயன்படுத்துகிறேன், ஆனால் தேடும்போது காலி வண்டி மட்டும்தான் வருகிறது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி வரவே இல்லை, ஏன்?

கும்பகோணத்தில் ஒரு சின்ன டிராவல்ஸுக்கு புக்கிங் மென்பொருள் எழுதிக் கொடுத்து நானே பார்த்தும் வருகிறேன். இதே இடத்தில் நானும் பல நாள் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பிரச்சினை. இரண்டு இடத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். வாகனப் பதிவில் 'பேக் டு பேக் எனேபிள்ட்' (அடுத்தடுத்த சவாரிக்கு அனுமதி) என்ற புலம் இருக்கிறது, நீங்கள் மாற்றாதவரை அது ஃபால்ஸ்தான். அதை ட்ரூ ஆக்கினால்தான் ஒரு சவாரி ஓடும்போதே அந்த வண்டிக்கு இன்னொன்றை ஒதுக்க முடியும். அப்புறம் 'சர்ச் வெஹிக்கிள்ஸ்' கோரிக்கையில் 'இன்க்ளூட் பேக் டு பேக்' என்பதையும் ட்ரூ ஆக்க வேண்டும், கூடவே டிரிப் வகையாக 'எக்ஸ்க்ளூசிவ்' (வண்டியைப் பிறரோடு பகிராத சவாரி) ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டும். 'ஷேர்ட்' (பகிரும் சவாரி) என்பதையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இப்போது வரும் பதிலில் ஒவ்வொரு வண்டிக்கும் அது எந்த வகைப் பொருத்தம் என்று இருக்கும். 'பேக் டு பேக்' என்று வந்தால் அது சவாரியில் இருக்கும் வண்டி. எத்தனை மணிக்குப் பிக்கப்புக்கு வரும் என்பதும் வரும், ஆனால் கணக்கிட முடியாதபோது அந்தப் புலம் காலியாக வரலாம். காலியை 'இதோ வந்துவிட்டது' என்று உங்கள் கோட் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு, இரண்டாவது டிரிப்பை 'அப்டேட் டிரிப்' மூலம் அந்த வண்டியின் ஐடியோடு இணைத்தால் போதும். வரிசையை நீங்கள் அடுக்க வேண்டியதில்லை. முதல் பயணி இறங்கும் இடம், பிறகு இரண்டாவது பயணி ஏறும் இடம், பிறகு அவர் இறங்கும் இடம் என்று வண்டியின் வழிப்புள்ளிகள் தானாக வரிசையாகிவிடும். 'அப்டேட் மாஸ்க்', அதாவது எந்தப் புலங்களை மாற்றுகிறோம் என்ற பட்டியல், கொடுக்க மறக்காதீர்கள், இந்த வேலைகளையெல்லாம் உங்கள் சர்வரிலிருந்தே செய்யுங்கள், டிரைவரின் போனிலிருந்து வேண்டாம்.

இதுவரை எல்லா ஊருக்கும் பொது. நம் பக்கத்தில் ஓட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

தேடும் வட்டம் 400 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரைதான். வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வட்டம், எங்கே இறக்கிவிடப் போகிறது என்பதை வைத்து இல்லை. சென்னை மாதிரி ஊரில் இது பெரிதாகத் தெரியாது. இங்கே தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அய்யம்பேட்டையைத் தாண்டி வந்துகொண்டிருக்கும் கார் இன்னும் கொஞ்ச நேரத்தில் கும்பகோணம் ஸ்டேஷனில் ஆளை இறக்கப்போகிறது, அங்கேயே ஒருவர் கார் கேட்டுக் காத்திருக்கிறார், ஆனால் தேடலில் அந்த கார் வராது. டெல்டாவில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் பெரிய வலியே காலியாகத் திரும்புவதுதான், அந்த ரிட்டர்னை நிரப்பத்தான் அடுத்தடுத்த சவாரி வேண்டும் என்கிறோம், அதற்குத்தான் இந்தத் தேடல் உதவுவதில்லை. நான் செய்தது: ஓடும் ஒவ்வொரு டிரிப்பும் எங்கே, எத்தனை மணிக்கு முடியும் என்று எங்கள் டேட்டாபேஸிலேயே ஒரு அட்டவணை வைத்துக்கொண்டேன். நீண்ட தூர வண்டிகளை அதிலிருந்து எடுத்து, தேடாமல் நேராக ஐடி கொடுத்து இணைக்கிறேன்.

இன்னொன்று, இதை உண்மையிலேயே கவனித்துச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் கும்பகோணத்திலிருந்து ராகு தலமான திருநாகேஸ்வரத்துக்கு டிராப் போட்டது. ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு, அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வண்டி கோயிலை நெருங்கும்போதே எங்கள் கோட் அடுத்த சவாரியைக் கோத்துவிட்டது: திருபுவனத்தில் ஒரு வயதான அம்மா, மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். கோயில் வாசலில் அந்தக் குடும்பம் டிரைவரிடம், "அண்ணே, வெயிட் பண்ணுங்க, தரிசனம் முடிச்சிட்டு அப்படியே ஒப்பிலியப்பனையும் பார்த்துட்டு திரும்பிடலாம்" என்று சொல்ல, அவரும் சரி என்று நின்றுவிட்டார். அந்த அம்மாவின் மகன் கையில் இருந்த போனில் 12 நிமிடம், 12 நிமிடம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. ரயில் போய்விட்டது. அன்று இரவு அவர் போனில் பேசியதை நான் மறக்கவில்லை, அவர் கோபப்பட்டதில் ஒரு தவறும் இல்லை.

கோளாறு ஏபிஐயில் இல்லை. வழியில் நிற்கும் கோயில்களை நாங்கள் இடைநிறுத்தங்களாகப் பதியவே இல்லை, எல்லாவற்றையும் ஒரே டிராப்பாகப் பதிந்தோம். இடைநிறுத்தங்களைப் பதிந்திருந்தால், கடைசிக் கட்டம் வரை, அதாவது நிலை 'என்ரூட் டு டிராப்ஆஃப்' (இறக்கும் இடத்துக்குப் போகிறது) ஆகும் வரை, அந்த வண்டி பேக் டு பேக் தேடலிலேயே வந்திருக்காது. எஞ்சின் சாலை நேரத்தைக் கணக்கிடும், சன்னதியில் நிற்கும் நேரம் அதற்குத் தெரியாது. இப்போது புக்கிங் எடுக்கும்போதே டிராப்பா, வெயிட்டிங்கா என்று கேட்கிறோம். வெயிட்டிங் என்றால் அந்த வண்டியில் பேக் டு பேக் புலத்தையே ஃபால்ஸ் ஆக்கிவிடுகிறேன், டிரிப் முடிந்ததும் திரும்ப ட்ரூ. நவகிரக சுற்றுக்கு எடுத்த வண்டிக்கு அன்று முழுக்க அடுத்த சவாரியே கிடையாது.

டிராப் என்று சொல்லிவிட்டு நடுவில் மனம் மாறுபவர்களும் உண்டு. அதற்கு டிரைவர் ஆப்பில் 'வெயிட்டிங் ஆகிவிட்டது' என்று ஒரு பெரிய பட்டன் வைத்தேன். அதை அழுத்தினால் சர்வர் இரண்டாவது டிரிப்பிலிருந்து வண்டி ஐடியை எடுத்துவிடும், அந்த டிரிப்பின் வழிப்புள்ளிகளும் வண்டியிலிருந்து தானாக நீங்கிவிடும். உடனே வேறு வண்டி தேடி இணைக்கிறோம், ஆபீஸில் இருப்பவர் பயணிக்குப் போன் செய்து சொல்கிறார்.

பயணியின் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாவது டிரிப்பின் வழிப்புள்ளிகளில் முதல் பயணியின் இறங்கும் இடமும் சேர்ந்து வரும். அதை அப்படியே வரைபடத்தில் காட்டாதீர்கள், அது இன்னொருவர் வீடு. 'உங்கள் வண்டி ஒருவரை இறக்கிவிட்டு வருகிறது' என்று எழுதி நேரத்தை மட்டும் காட்டினால் போதும். டிரைவர் முதல் டிரிப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கும்வரை இரண்டாவது டிரிப்பின் நிலையை 'நியூ' என்றே வைத்திருங்கள், 'என்ரூட் டு பிக்கப்' என்று முன்கூட்டியே மாற்றினால் பயணி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்துவிடுவார்.

டேட்டா சரியாக எடுக்காத உள்கிராமங்களில் வண்டி தேடலிலிருந்து மறைவதையும் பார்ப்பீர்கள். இருப்பிடம் அனுப்பி 5 நிமிடத்துக்கு மேல் ஆன வண்டியைத் தேடல் விட்டுவிடும், அதுதான் இயல்பான அமைப்பு. நான் எங்களுக்கு அதை 8 நிமிடமாகக் கூட்டியிருக்கிறேன். அதற்கு மேல் வைத்தால் வண்டி ஆற்றுக்கு எந்தக் கரையில் இருக்கிறது என்பதே தவறாகிவிடுகிறது, இங்கே ஒரு பாலத்தைத் தவறவிட்டால் அடுத்த பாலத்துக்குச் சுற்றித்தான் வர வேண்டும்.