Re: பிற்பகல் 4 மணிக்குப் பாரமானி இறங்குது, புயல் வருமா?

வணக்கம். திருகோணமலையில உங்கட பாரமானி, அதாவது காற்றமுக்கம் அளக்கிற கருவி, காலை 1012 மில்லிபார், பின்னேரம் 1008 காட்டுது, மூன்று நாளாய் இப்படியே, புயல் வருமோ எண்டு எழுதியிருக்கிறீங்கள். பயப்படாதேங்கோ, பாரமானியும் பழுதில்லை.

வெப்பமண்டலத்தில அமுக்கம் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணியளவில உச்சம். அதிகாலை, பின்னேரம் 4 மணியளவில தாழ்வு. மேல் வளிமண்டலத்து ஓசோனும் கீழ் வளிமண்டலத்து நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாகிறதால வாற அலை இது. கடலுக்கு வற்றுப்பெருக்கு மாதிரி எண்டு வையுங்கோவன். 3, 4 மில்லிபார் வித்தியாசம் வழமைதான்.

அதனால காலையையும் பின்னேரத்தையும் ஒப்பிடாதேங்கோ. நேற்று 4 மணி, இண்டைக்கு 4 மணி, அப்படிப் பாருங்கோ. ஒரே நேரத்து அளவு நாளுக்கு நாள் தொடர்ந்து இறங்கினால், அதுவும் காலை 10 மணி ஏற்றமே காணாமல் போனால், அப்ப யோசிக்கலாம். முக்கியமாய் நவம்பர், டிசம்பரில. 1964 டிசம்பர்ப் புயலும் 1978 நவம்பர்ப் புயலும் கிழக்குக் கரைக்கு மறக்காது. ஆனால் தாழமுக்கம் தூரத்தில இருக்கேக்க உங்கட முள் அசையாமலும் இருக்கும், எனவே வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அறிவித்தலையும் கேளுங்கோ.

நுவரெலியாவில இருக்கிற உங்கட மச்சானின்ர பாரமானி 810 காட்டுறது உயரத்தால. கடல்மட்டத்துக்குத் திருத்திப் பார்க்கச் சொல்லுங்கோ.