இலவசம் என்றால் இளக்காரமா?

கேள்வி: கிறிஸ்துவை விசுவாசித்தாலே நீதிமான் ஆகிவிடலாம், இரட்சிப்பு இலவசம் என்கிறீர்கள். அப்படியானால் ஒழுக்கமாக வாழ்கிறவன் ஏமாளியா? - வாசகர், திண்டுக்கல்.

பதில்: இலவசம் என்றதும் உங்களுக்கு இளக்காரமாகப் படுகிறது. விலை போட்டு விற்ற கதையைக் கேளுங்கள். 1517-இல் ஜெர்மனியில் டெட்செல் என்ற துறவி பாவமன்னிப்புச் சீட்டு விற்றார். செத்துப்போன உறவினர் படும் வேதனையைக்கூடக் காசு கொடுத்துப் போக்கலாம் என்றார். வசூலில் ஒரு பங்கு ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் போனது, இன்னொரு பங்கு ஒரு பேராயரின் கடனை அடைக்கப் போனது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளோடு கிளம்பியது இந்த வியாபாரத்தை எதிர்த்துத்தான். ஏழை வாங்க முடியாத மன்னிப்பு கடவுளுடையதாக இருக்கவே முடியாது.

இதே பக்கத்தில் எழுதி வசவு வாங்கியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன்: காணிக்கைத் தொகைக்கேற்ற ஆசீர்வாதம் என்று டிவியில் பேசுகிற போதகர், லூத்தர் பெயரை எத்தனை முறை சொன்னாலும் டெட்செலின் வாரிசுதான். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

சரி, உங்கள் கேள்வி. கிருபை, அதாவது தகுதி பாராமல் கடவுள் காட்டும் தயவு, பெருகட்டும் என்று பாவத்திலேயே இருந்துவிடலாமா என்று அப்போஸ்தலன் பவுலே பைபிளில் ரோமர் 6-இல் கேட்டு, கூடாது என்கிறார். ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டனைப் பாருங்கள். 1748-இல் புயலில் சிக்கிய கப்பலில் கடவுளிடம் கெஞ்சினார், பிழைத்தார், விசுவாசியானார். அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல்களின் தலைவராக ஆப்பிரிக்கர்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோனார். 1754-இல் கடலை விட்டதும் உடம்புக்கு முடியாமல் போனதால்தான். 1788-இல், 62 வயதில், அந்தத் தொழிலில் தான் இருந்ததை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு, அதை ஒழிக்கச் சொல்லி எழுதினார். விற்கப்பட்டவர்களை அவரால் மீட்டுவர முடியாது. எத்தனை நற்செயல் செய்தாலும் அந்தக் கணக்கு நேராகாது. கிறிஸ்துவின் நீதியைத் தவிர அவருக்குப் போக்கிடம் இல்லை. தாமதமாகத்தான் என்றாலும், அது அவரைச் சும்மா இருக்கவும் விடவில்லை.

நீங்கள் ஒழுக்கமாக வாழ்வது நல்லது, அப்படியே வாழுங்கள். அதை ரசீதாக நீட்டி, அவனுக்கு ஏன் கொடுத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். மத்தேயு 20-இல் இயேசு சொன்ன கதையில், கடைசி நேரத்தில் வந்தவர்களுக்கும் அதே கூலி கிடைத்ததைப் பார்த்து, திராட்சத் தோட்டத்தில் காலையிலிருந்து வேலை செய்தவர்கள் அப்படித்தான் முணுமுணுத்தார்கள். பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு காசுகூடக் குறையவில்லை.