கோன் பந்தைப் பறிக்காது

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 11 வயது. கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். கோன்களை (தரையில் வைக்கும் பிளாஸ்டிக் கூம்புகளை) வரிசையாக வைத்தால் பந்தைக் காலை விட்டு நகரவிடாமல் வளைந்து வளைந்து போய்விடுவான். மேட்ச் என்றால் பந்து வந்த மறுநொடியே யாராவது பறித்துவிடுகிறார்கள். புதிதாக வந்திருக்கும் கோச் கோன்களை ஓரம்கட்டிவிட்டு, பாதி நேரம் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்துப் பந்தைத் தட்டி விளையாட விடுகிறார். இதற்கா பணம் கட்டுகிறோம் என்று இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து அந்தக் கோச்சிடமிருந்து பையனை நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்த வட்ட விளையாட்டின் பெயர் ரோண்டோ. 1988இல் நெதர்லாந்தின் பழைய நட்சத்திர ஆட்டக்காரர் யோஹான் கிரைஃப் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்தபின் அந்தக் கிளப்பில் எல்லாப் பயிற்சிக்கும் அதுதான் அடித்தளமாக ஆனது. அங்கே இளையோர் அணிகளில் ரோண்டோ ஆடி வளர்ந்தவர்கள் மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி. 2010இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருதுக்கான கடைசி மூன்று பேரும் இவர்களே.

கோன் நகராது, காலை நீட்டாது. அதைச் சுற்றி ஓடும் பையன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒரு குறையும் வராது. அதனால் குனிந்த தலையே பழகிவிடுகிறது. உங்கள் மகனின் கால் நன்றாகவே பழகியிருக்கிறது. கண்தான் இன்னும் பழகவில்லை.

ரோண்டோவில் அந்தச் சலுகை கிடையாது. அவன் வயதுக்கு ஏறக்குறைய எட்டு மீட்டர் சதுரம் போதும். நான்கு பேர் ஓரத்தில் நின்று தங்களுக்குள் பாஸ் கொடுப்பார்கள், ஒருவன் நடுவில் நின்று பறிக்கப் பார்ப்பான். பந்தை இழந்தவன் நடுவே போக வேண்டும். பந்து வருவதற்குள் யார் ஃப்ரீயாக இருக்கிறான், நடுவில் இருப்பவன் எந்தப் பக்கம் பாய்கிறான் என்று பார்த்து வைத்திருந்தால்தான் தப்பிக்கலாம். நன்றாக வந்துவிட்டால் நடுவில் இருவரை விடுவார்கள். அப்போது அந்த இருவருக்கும் இடையில் திறக்கும் சந்து வழியாகப் பாஸ் போகிறதா என்று பாருங்கள். ரோண்டோவில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. பந்தை நிறுத்துவது, பாஸ் கொடுப்பது, சுற்றிப் பார்ப்பது மூன்றையும் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்து மேட்ச் அன்று ஒட்டவைக்க முடியாது. இங்கே மூன்றும் சேர்ந்தே வருகின்றன.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய ஆட்டக்காரர்களை மட்டும் தனியாகப் படம்பிடித்து, பந்து வருமுன் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார்கள் என்று எண்ணினார். அதிகம் திருப்பிப் பார்த்தவர்களின் பாஸ்கள்தான் அதிகம் போய்ச் சேர்ந்தன. சாவியின் தலை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். பழைய மேட்ச் ஏதாவது கிடைத்தால் மகனோடு உட்கார்ந்து பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்.

கோன் பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. தொடக்கத்தில் பத்து நிமிடம் செய்யட்டும்.

வீட்டில் நீங்களும் உதவலாம். நான்காம் எண் (சைஸ் 4) பந்து இந்த வயதுக்குச் சரி. சுவரில் பாஸ் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து சுவருக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்க வேண்டும். முதல் சில நாள் பந்து எங்கெங்கோ ஓடும், திட்டாதீர்கள். அப்புறம் இன்னொன்று: உடலைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, பந்துக்குத் தள்ளியிருக்கும் காலால் எடுக்கப் பழக்குங்கள். அப்படி எடுத்தால் முன்னால் கிடக்கும் மைதானம் பாதி கண்ணில் பட்டுவிடும்.

அடுத்த மேட்ச்சில் கோலை எண்ண வேண்டாம். பந்து வருமுன் உங்கள் மகன் எத்தனை தடவை தலையைத் திருப்புகிறான் என்று எண்ணுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணிவிட்டு, இரண்டு கணக்கையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்